வாங்க, வந்து இருங்க

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனிதகுலத்துக்குக் கிடைத்த மூன்றாவது பெருங்கொடை, இன்ஷாப் எழுதிய பதினேழு வரி ஸ்கிரிப்ட். இடையில் மின்சாரம், அச்சு இயந்திரம் போன்ற சில்லறை விடயங்களும் வந்தன என்பதை அவன் மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் எதுவும் ஓர் அலுவலகத்தில் பூட்டிக்கிடக்கும் கணினிகளை நாற்பது விநாடிகளில் ஒன்றுக்கொன்று திறந்துவிடவில்லை. காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலுமாக இதுவரை முப்பத்தொரு அலுவலகங்களில் இதைச் சொல்லியிருக்கிறான். ஒருதரமும் சிரித்தபடி சொன்னதில்லை.

முப்பத்திரண்டாவது, வாவிக்கரை ஓரத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோர். நோன்பு பத்தொன்பது. அசர் தொழுகை முடிந்த நேரம். அன்றைக்கு அது அவனுக்கு ஐந்தாவது கந்தோர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேச்சைத் தொடங்குவதற்கு முன் அதை உரித்தெடுக்க வேண்டியிருந்தது. வெயில் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது போல, நிழலில் இருக்கும்போதும் எல்லாப் பொருள்களுக்கும் வெள்ளை விளிம்பு தெரிந்தது. வீட்டில் தங்கை ஸில்மியாவும் அவளது பத்தொன்பது நாள் பிள்ளையும் தனியே. உம்மா காலையிலேயே ஏறாவூருக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் நீ வீட்டில் நிற்க வேண்டும், நாற்பது நாள் முடியாத பிள்ளையையும் தாயையும் ஷைத்தான்கள் நடமாடும் அந்த நேரத்தில் தனியே விடக்கூடாது. அவனும் ஓம் என்றான். ஐந்தரைக்கே வந்துவிடுவேன் என்று தாராளமாகவும் சொன்னான்.

கந்தோரில் இரண்டு கணினிகள். முன்னறையில் இருப்பதோடு ஸ்கேனர் இணைந்திருந்தது. பின்னறையில் இருப்பதோடு பிரிண்டர். ஒன்பது வருடங்களாகக் காணி உறுதிகள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஒரு பென் டிரைவில், அங்கே வேலைசெய்யும் சித்தி நபீஸாவின் கையில், பன்னிரண்டு அடி தூரம் நடந்துகொண்டிருந்தன. நொத்தாரிசு அப்துல் கபூர் உம்ராவுக்குப் போயிருந்த இடைவெளியில், இதற்கொரு முடிவு கட்டுவதென்று சித்தி நபீஸாவே தீர்மானித்து இன்ஷாபைக் கூப்பிட்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி.

ஸ்கிரிப்ட் செய்கிற வேலை பெரிதல்ல. கணினியை மற்றக் கணினிகளின் கண்ணில் படவைக்கும். காவலுக்கு நிற்கும் ஃபயர்வோலில் ஒரு துவாரம் போடும். பாஸ்வேர்ட் கேட்கும் பழக்கத்தை நிறுத்தும். பிறகு ஒரு ஃபோல்டரை எடுத்துப் பொதுவில் வைக்கும். யாருக்கு அனுமதி என்ற இடத்தில் பெயர்களை எழுதலாம். எழுதினால் நாளைக்கு வேறொருவர் வேலைக்கு வருவார், தொலைபேசி அடிக்கும், திரும்பவும் மோட்டார் சைக்கிளில் ஏறவேண்டும். ஆகவே இன்ஷாப் எல்லா இடங்களிலும் ‘எல்லோருக்கும்’ என்றே எழுதிவந்தான். உலகத்தில் நீண்டகாலம் நிலைக்கிற முடிவுகள் பெரும்பாலும் அலுப்பில் எடுத்தவைதான்.

கடைசி இரண்டு வரிகள் தேவையற்றவை. அவை அவனுடைய கையெழுத்து. யாராவது அந்த ஃபோல்டருக்குள் நுழைந்தால், கணினி அவனது குரலில் “வாங்க, வாங்க, வந்து இருங்க” என்று சொல்லும். வெளியேறினால் “சரி, போயிட்டு வாங்க” என்று சொல்லும். வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு இது பிடித்திருந்தது. மீதிப்பேருக்கு இதை நிறுத்தத் தெரியவில்லை.

பின்னறையிலிருந்து சித்தி நபீஸா ஃபோல்டரைத் திறந்தார். முன்னறைக் கணினி வரவேற்றது.

“ஆரு மனே கூப்பிடுற?”

“நான்தான் சாச்சி. பெட்டிக்குள்ள இரிக்கன்.”

அவர் முழங்காலைப் பிடித்தபடி வந்து கணினியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “ஆர் வந்தாலும் கூப்பிடுமா?”

“ஆர் வந்தாலும்.”

“ஆரெண்டு பாக்காமயா?”

“பாக்குறத்துக்கு அதுக்குக் கண்ணா இரிக்கி?”

“கண்ணில்லாத சாமானுக்கு வாயக் குடுத்திரிக்காய்,” என்றார் சித்தி நபீஸா. பாராட்டா குறையா என்று தெரியவில்லை. “என்னத்தையோ செய். எனக்கு நடக்காம இருந்தாச் சரி.”

பின்னறைக்குப் போய் ஃபோல்டரை மூடினார். “சரி, போயிட்டு வாங்க,” என்றது முன்னறை.

ஐந்து மணிக்கு அவர் கந்தோரை மூடத் தொடங்கினார். பின்னறைக் கணினியை நிறுத்தினார். நோன்பு நாளில் யாரும் தொடாத தண்ணீர்க் கூசாவை மூடியால் மூடினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்மில்லாவோடு, சாத்தினார். வாசற்கதவை மட்டும் திறந்து வைத்து, அதன் அருகில் நின்று, வெறும் அறையைப் பார்த்து, சந்தையில் அறிந்தவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்:

“போற ஆக்கள் போங்க.”

மூன்று மூச்சு விடும் நேரம் ஒதுங்கி நின்றார். வழிவிட்டு நிற்பதைப்போல.

இன்ஷாப் களைத்திருந்தான். ஆனால் இதை விட்டுவிட முடியாத அளவுக்குக் களைக்கவில்லை. “எத்தின பேர் போன சாச்சி? நான் ஒருத்தரையும் காணல்லயே.”

“போனா நல்லம். போகாட்டியும், மரியாத கெடாம நாம சொன்னம் எண்டு இரிக்கும்.”

“பஸ்ஸிலயும் இப்பிடித்தான் சொல்லுவீங்களா?”

“அதுக்குக் கண்டக்டர் இரிக்கான்.” அவர் கைப்பையை எடுத்தார். “நீ எந்நேரம் போவாய்?”

பழைய உறுதிகளை வெளி டிஸ்கில் பிரதியெடுக்க இன்னும் அரைமணி நேரம் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக்கோடு நகர்வதைப் பார்க்கையிலேயே இன்ஷாபுக்குக் கொட்டாவி வந்தது.

“முடிஞ்ச உடன.”

“வாசல நீ சாத்து. சாத்த முன்னுக்குச் சொல்லிட்டுச் சாத்து.”

“மைக் போட்டுச் சொல்றன் சாச்சி.”

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. தெருவில் அவரது செருப்பு ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் தேய்ந்து தேய்ந்து குறைந்தது.

சாத்திய ஜன்னல்களின் இடுக்கால் வெயில் மெல்லிய கம்பிகளாக உள்ளே வந்து, சுவரோரம் வரிசையாக வைத்த ஐந்து பிளாஸ்டிக் கதிரைகளின் மேல் வளைந்து கிடந்தது. உறுதி எழுத வருகிறவர்கள் காத்திருக்கும் கதிரைகள். கூரையில் ஓடு சூடாறும்போது எழுகிற டிக் டிக் சத்தம், டிஸ்க் சுழலும் மெல்லிய இரைச்சல், எங்கோ ஒரு வீட்டில் எண்ணெயில் எதையோ போடும் சீற்றம், அதைத் தொடர்ந்து பசிக்கு மட்டுமே கேட்கக்கூடிய வெங்காய வாசம். இன்ஷாப் தலையை மேசையில் வைத்தான். மேசை கூடச் சூடாக இருந்தது.

“வாங்க, வாங்க, வந்து இருங்க.”

தலையைத் தூக்காமலே, சாச்சி எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தான். பிறகு, சாச்சி வந்தால் கணினி பேசாது என்பது நினைவுக்கு வந்தது. கணினி பேசவேண்டுமென்றால் யாராவது இன்னொரு கணினியிலிருந்து நுழைய வேண்டும்.

எழுந்து பின்னறைக்குப் போனான். அங்கே திரை கறுப்பு. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அதிர்வில்லை. ஸ்கிரிப்டில் எங்கோ பிழை, வேறென்ன. பிழையைத் தேடுவதை நினைக்கவே முதுகு வலித்தது. வீட்டுக்குப் போய், நோன்பு திறந்து, இரண்டு கோப்பை கஞ்சி குடித்தபின் தேடலாம்.

திரும்பி வரும்போது மூக்கில் பட்டது. காற்று விழுந்த மாலைகளில் வாவி விடுகிற மூச்சு: கண்டல் இலை அழுகிய சேறு, உப்பு, வெயிலில் கிடந்த சிறுமீன். கரையில் வளர்ந்தவனுக்கு அது ஒரு வாசமே அல்ல. ஆனால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

“வாங்க, வாங்க, வந்து இருங்க.”

யாரெல்லாம் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திறந்தான். இரண்டு வரிகள். பயனர் என்ற இடத்தில் இரண்டிலும் ‘விருந்தினர்’. பாஸ்வேர்ட் கேட்காத இடத்துக்குப் பெயரில்லாமல் வருகிற எவரையும் கணினி அப்படித்தான் எழுதிக்கொள்ளும். அதில் அதிசயமில்லை. எந்தக் கணினியிலிருந்து என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடம் வெறுமையாக இருக்காது. முப்பத்தொரு கந்தோரில் ஒன்றிலும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். பச்சை விளக்குகள் நான்கும் அணைந்தன. இனி இந்தக் கணினிக்கு உலகத்தில் உறவென்று யாருமில்லை. இன்ஷாப் திரையைப் பார்த்தபடி நின்றான்.

இரண்டு வரிகள் இருந்த இடத்தில் மூன்று.

“வாங்க,” என்றது அவனுடைய குரல். “வாங்க, வந்து இருங்க.”

அந்த வாக்கியத்தை அவன் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பான். அதன் ஏற்ற இறக்கம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். பதிவில் முதல் ‘வாங்க’வுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இடைவெளி கிடையாது. கடகடவென்று சொல்லிமுடித்த குரல் அது. இப்போது ஓர் இடைவெளி இருந்தது. மிகச் சிறிய இடைவெளி. முதல் ‘வாங்க’வைப் பழக்கத்தில் சொல்லிவிட்டு, நிமிர்ந்து, வாசலில் நிற்பவரைக் கண்டுவிட்டுச் சொன்ன இரண்டாவது ‘வாங்க.’

சுவரோரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் சீமெந்தில் அகன்றன. பாரம் ஏறும்போது அகல்வதைப்போல.

சூடு, என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பிளாஸ்டிக் வெயிலில் விரியும். ஐந்து மணிக்குப் பிறகு ஏன் விரிய வேண்டும் என்று தன்னைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டியவனும் அவன்தான், அவனுக்கு வாய் உலர்ந்திருந்தது.

நான்கு. ஐந்து. இன்னொரு கதிரை. ஏழு.

ஃபோல்டரைப் பொதுவிலிருந்து எடுக்கும்படி கட்டளை கொடுத்தான். கணினி மரியாதையாகக் கேட்டது: ஏழு பேர் இணைந்திருக்கிறார்கள், தொடர்ந்தால் அவர்கள் துண்டிக்கப்படுவார்கள், தொடரவா? ஆம் என்பதை அழுத்தினான். பட்டியல் வெறுமையானது.

காத்திருந்தான். ஏழு பேர் வெளியேறினால் “சரி, போயிட்டு வாங்க” ஏழு தரம் கேட்க வேண்டும். அப்படித்தான் அவன் எழுதியிருந்தான். ஓடு டிக் என்றது. டிஸ்க் இரைந்தது. சேற்று மணம் அவனது முகத்துக்கு நேரே, யாரோ மேசைக்குக் குனிந்து திரையைப் பார்ப்பதைப் போல, வெதுவெதுப்பாக வந்து நின்றது.

ஒருதரமும் கேட்கவில்லை.

தொலைபேசி அதிர்ந்தது. ஸில்மியா.

“காக்கா, எவ்வளவு நேரம் வாசல்ல நிப்பீங்க? உள்ளுக்கு வாங்களன்.”

“என்ன?”

“பகல் புடிச்சு வாங்க, வாங்க எண்டு ஆரயோ கூப்பிட்டுக் கூப்பிட்டு நிக்கிறீங்க. வாற ஆக்களுக்கு நான் இந்தக் கோலத்தில முகம் காட்டேலா, சொல்லிப்போட்டன். அவங்கள இரிக்கச் சொல்லிட்டு நீங்களாவது உள்ளுக்கு வாங்க.”

“நான் கந்தோர்ல இரிக்கன் புள்ள.”

ஸில்மியாவுக்குப் பின்னால் மின்விசிறி ஓடியது.

“அது கொம்பியூட்டர்,” என்றான் அவன். போன கிழமைதான், பிள்ளையின் படங்களைக் கைப்பேசிகளிலிருந்து சேர்த்து கட்டாரில் இருக்கும் மச்சான் ஸாஹிருக்கு அனுப்ப வசதியாக, வீட்டுக் கணினிக்கும் அதே பதினேழு வரிகளைப் போட்டிருந்தான். “எங்கட கொம்பியூட்டர். போய் அதிட வயரக் கழட்டு.”

“அத நான் முந்தநாளே கழட்டி அலுமாரிக்கு மேல ஏத்திட்டன். பேன் போட பிளக் வேணுமே.” பிறகு அவள், களைத்த தாயின் குரலில், இதையெல்லாம் யோசிக்க இப்போது நேரமில்லை என்பதைப்போலச் சொன்னாள்: “சத்தமில்லாம வாங்க. இவன் அழாம இரிக்கான். செவரப் பாத்துச் சிரிக்கான். ஒவ்வொரு ஆளாப் பாக்குற மாதிரி.”

டிஸ்கை அப்படியே விட்டான். வாசலில் கதவைப் பிடித்தபடி, வெறும் அறையைத் திரும்பிப் பார்த்து ஒரு கணம் நின்றான். சொல்ல வாய் திறந்தது. வெட்கமாக இருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று இந்த வெட்கம் என்றும் யோசித்தான். சொல்லாமலே சாத்திப் பூட்டினான்.

தெருவில் கஞ்சிக்கு வாளியோடு நின்றவர்களின் வரிசை கலைந்துகொண்டிருந்தது. கடையில் கடைசிப் பற்றீஸ் பலகாரத்தைப் பொதி செய்தார்கள். மோட்டார் சைக்கிள் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் வளைந்து வளைந்து போக, இரண்டு பக்கமும் வீடுகளில் பெண்கள் ஜன்னல்களை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்துநான்கு வருடமாகப் பார்க்கிற காட்சிதான். அவர்களது உதடுகள் அசைவதை இன்றைக்குத்தான் பார்த்தான். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒருதரம். சாத்திய வீடுகளைக் கடந்து, சாத்துகிற வீடுகளைக் கடந்து, வாவியில் முடிகிற ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு வந்தான். புழுக்கத்துக்காக அங்கே எல்லாம் விரியத் திறந்து கிடந்தது. வாசல், ஜன்னல்கள், பின்கதவு. அதற்கப்பால் தண்ணீர். அசையாமல், ஈயநிறத்தில்.

உள்ளே சேற்று மணம், பிள்ளைக்குப் போடும் பவுடர் மணத்தையும் தாண்டி.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்காகப் பள்ளிவாசலிலிருந்து எடுத்த சிவப்புக் கதிரைகள் ஒன்பது. காலையில் உம்மா அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்ததை அவன் பார்த்திருந்தான். இப்போது அவை ஹோலில் இருந்தன, ஸில்மியாவின் அறை வாசலைப் பார்த்தபடி, அரைவட்டமாக.

“கதிரைய ஆரு எடுத்த?”

“நான் புள்ளயத் தூக்குறதா கதிரையத் தூக்குறதா?” அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. “நீங்க ஆக்களுக்குப் போட்ட எண்டு இருந்தன்.”

பிள்ளை கட்டிலில் மல்லாந்து கிடந்தது. இரண்டு கையும் இறுக மூடியிருந்தன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கைகளைத்தான் தேடுவார்கள். சின்னவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சுருட்டிய ஒரு தாளை உள்ளே வைத்து, திரும்ப மூடிவிடுவார்கள். வெறுங்கையோடு பிள்ளை பார்க்கக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

நேரம் ஆறு ஐந்து. இன்ஷாப் முன் ஜன்னலுக்குப் போனான். சாத்தினான். உதடு பிரியாமல், தனக்கே கேட்காதபடி: பிஸ்மில்லாஹ். அடுத்தது. பிஸ்மில்லாஹ். அடுக்களை ஜன்னல், குளியலறையின் சின்னத் துவாரம், பின்கதவு. கஞ்சிப் பானைக்கு மூடி போட்டான். தண்ணீர்க் கூசாவுக்கு ஒரு பீங்கானைக் கவிழ்த்தான். பிள்ளைக்குச் சுடவைத்த வெந்நீர்க் கோப்பைக்கு மூடி கிடைக்காமல் ஒரு தீப்பெட்டியைக் குறுக்கே வைத்தான். முக்காலியில் ஏறி, அலுமாரிக்கு மேல் வயர் தொங்க உட்கார்ந்திருந்த கணினியை ஒரு கட்டில் விரிப்பால் முழுவதுமாகப் போர்த்தினான்.

ஸில்மியா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். “என்ன காக்கா இது. போன நோம்புக்கு உம்மா ஜன்னல் சாத்தக்குள்ள, ஷைத்தானுக்கு ஸ்க்ரூ டிரைவர் இல்லையா எண்டு கேட்ட ஆள்தானே நீங்க.”

“புழுக்கம் குறையும்.”

“சாத்தினாலா?”

கடைசியாக வாசற்கதவு. பிஸ்மில்லாஹ். தாழ்ப்பாள் விழுந்தபோது, அதற்கென்றே காத்திருந்ததைப்போல, பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. அவன் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிரித்தான். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியது. பதினான்கு மணித்தியாலத்து வறட்சி ஒரே மிடறில் நனைந்து, கைகால்கள் தளர்ந்து, இவ்வளவுதான், எல்லாம் பசி, பசி மனிதனை என்னவெல்லாம் நம்பவைக்கிறது என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“கொஞ்சம் புடிங்க, பற்றீஸ எடுத்திட்டு வாறன்.” ஸில்மியா பிள்ளையை அவன் கையில் தந்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். தட்டுகள் சத்தமிட்டன.

பிள்ளை கனமில்லாமல் சூடாக இருந்தது. கண்கள் விரியத் திறந்திருந்தன. அவை இன்ஷாபைப் பார்க்கவில்லை. அவனது தோளுக்கு மேலே, இடமிருந்து வலமாக, ஒவ்வோர் இடத்திலும் சற்றுத் தங்கித் தங்கி நகர்ந்தன. வலது கோடிக்குப் போனதும் திரும்பி வந்தன.

ஒன்பது இடங்கள்.

அப்போதுதான் அவன் கணக்குப் பார்த்தான். மத்தியானத்திலிருந்து இந்த வீட்டில் எத்தனை ‘வாங்க’ கேட்டதென்று ஸில்மியாவுக்கே தெரியாது. ‘போயிட்டு வாங்க’ கேட்டதாக அவள் ஒருதரமும் சொல்லவில்லை. கந்தோரிலும் அவன் கேட்கவில்லை.

எல்லா ஜன்னல்களையும் சாத்தியாயிற்று. பின்கதவு. முன்கதவு. ஒரு துவாரம் விடவில்லை. ஒழுங்காக, இறைவன் பெயர் சொல்லி, முத்திரை வைத்ததைப்போல.

உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து.

பிள்ளையின் வலது கை நனைந்திருந்தது. விரல்களைப் பிரித்தான். சின்னவிரலிலிருந்து. சுருட்டிய தாள் இல்லை. உள்ளங்கை நிறையச் சேறு. கறுப்பு. குளிர். அதில் ஒரு விரலின் தடம், ஆழமாக. வைத்து அழுத்திய தடம்.

கதவு. தாழ்ப்பாள். ஒரு கையால்.

கதவைத் திறந்து ஒதுங்கி நின்றான். வழிவிட்டு. வெளியே ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. எல்லா வீடுகளும் சாத்திக்கிடந்தன. வெளிச்சம் போய், தண்ணீர் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். வெட்கமாக இல்லை.

“போற ஆக்கள் போங்க,” என்றான். மெதுவாக. அறிந்தவர்களிடம் சொல்வதைப்போல.

ஒரு மூச்சு.

இரண்டு.

மூன்று.

அவனைக் கடந்து யாரும் வெளியே போகவில்லை. ஒரு கதிரையும் அசையவில்லை. ஈரக்காற்று ஒன்று வெளியிலிருந்து அவனது தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே இன்னொன்று. அலுமாரிக்கு மேலே, விரிப்புக்கு அடியில், அவனுடைய குரல், அவனைவிடச் சந்தோஷமாக, அவனைவிடக் களைப்பில்லாமல் சொன்னது:

“வாங்க.”

நிமிர்ந்து பார்க்கும் நேரம்.

“வாங்க, வந்து இருங்க.”

அடுக்களையில் ஸில்மியா தேநீர்க் கோப்பைகளை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு அல்ல. நிறையக் கோப்பைகள். “ஆக்கள் வந்திட்டாங்களா காக்கா?”

அவன் தன் தாடைக்குக் கீழே, பிள்ளையின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் மூடியிருந்த கை. அதன் சின்னவிரல் மெல்ல எழுந்து, தானாக நிற்க முடியாத கோணத்தில், நிமிர்ந்து நின்றது. பிறகு அடுத்த விரல். அவசரமில்லாமல். பிள்ளைக்கு நோகாமல். பிள்ளை சிரித்தது.

“போற ஆக்கள் போங்க,” என்றான் இன்ஷாப் மறுபடியும், கதவைப் பிடித்தபடி, மரியாதை கெடாமல். மூன்றாவது விரல் எழுந்தது.